தூங்க விடாதீங்க மிஸ்

ஜன்னல் திரையை இழுத்துவிட்டதும் அறைக்குள் கத்தரிப்பூ நிறம் இறங்கியது. பாய்கள் வரிசையாக விரித்துக் கிடந்தன. பிள்ளைகள் ஒவ்வொன்றாக விழுந்தார்கள். படுத்தார்கள் என்று சொல்ல முடியாது, தயிர்சாதம் உள்ளே போனதும் அவர்களுடைய கையும் காலும் அவர்களுக்குச் சொந்தமில்லாமல் போய்விடுகின்றன. மோகனா சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, இந்தப் பக்கம் ஒரு பிள்ளையின் முதுகையும் அந்தப் பக்கம் ஒரு பிள்ளையின் முதுகையும் தட்டிக்கொடுத்தாள். தட்டுகிற கைக்கு ஒரு தாளம் வந்துவிடும். அந்தத் தாளம் பிள்ளையைத் தூங்கவைக்கும் முன்பே தட்டுகிறவளைத் தூங்கவைத்துவிடும். அதனால் அவள் தாளம் தப்பித் தப்பித் தட்டப் பழகியிருந்தாள். இரண்டு தட்டு, ஒரு இடைவெளி, ஒரு தட்டு, பெரிய இடைவெளி. பிள்ளைகளுக்கு அது பிடிக்கவில்லை, நெளிந்தார்கள், பிறகு எப்படியோ தூங்கினார்கள். மடியில் தன்விகா உட்கார்ந்திருந்தாள். அவளைத் தட்டிக்கொடுக்கக் கூடாது, தூங்க விடக் கூடாது. காலையில் கேட்டுக்கு வெளியே ஸ்கூட்டரை நிறுத்தாமலே, ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு அவளுடைய அம்மா பிருந்தா சொல்லிவிட்டுப் போயிருந்தாள். “மிஸ், இன்னிக்கும் சொல்லிட்டுப் போறனுங்க. மத்தியானம் இவளைத் தூங்க விடாதீங்க. நீங்க இங்க நல்லாத் தூங்க வெச்சு அனுப்பினா, ராத்திரி கொட்டக் கொட்ட முழிச்சுட்டு எங்க உசுர வாங்கறா. அவங்கப்பா விடிஞ்சா வேலைக்குப் போகோணும், நான் போகோணும். அவ ஒருத்திக்குத்தான் போக வேண்டிய வேலை ஒண்ணுமில்ல.” அவள் சிரித்தாள். மோகனாவும் சிரித்தாள். பின்னால் நின்றிருந்த கிருபாவதி மேடமும் சிரித்தார். இந்தக் குழந்தைகள் காப்பகம் மேடத்துடையது. பேரண்ட் ஒன்று சொன்னால் சொன்னதுதான் என்பது மேடத்தின் கொள்கை. “கேட்டுக்கிட்டியா மோகனா?” என்றார். கேட்டுக்கொண்டாள்.

தன்விகாவின் முன்னால் மரக்கட்டைகள் கிடந்தன. சிவப்பு, மஞ்சள், பச்சை. இது என்ன கலர் தங்கம் என்று கேட்டாள். பச்சை என்றது பிள்ளை. அது பச்சைதான். இது? பச்சை. அது மஞ்சள். நாலு வயதுப் பிள்ளை, மஞ்சள் தெரியாத பிள்ளை இல்லை, நாக்கு ஏற்கெனவே சொன்ன சொல்லைவிட்டு அடுத்த சொல்லுக்குப் போக மறுக்கிறது. மோகனாவுக்கு அது தெரியும். இன்று காலை பஸ்ஸில் எங்கே இறங்கணும் என்று கண்டக்டர் கேட்டதற்கு அவள் பேசாமல் நின்றாள். கணபதி என்று ஸ்டாப்பின் பெயரைச் சொல்ல வேண்டும் என்பது தெரிந்திருந்தது, ஆனால் அந்தச் சொல் எங்கோ அடியில் கிடந்தது, குனிந்து எடுக்க வேண்டியிருந்தது. ராத்திரி மோகனா தூங்கவில்லை என்று சொல்ல முடியாது. தூங்குகிறாள். பத்து மணிக்குப் படுத்தால் கண் மூடிக்கொள்கிறது, பிறகு யாரோ கூப்பிட்டது போல விழிப்பு வருகிறது. யாரும் கூப்பிட்டிருக்க மாட்டார்கள். நெஞ்சு கூப்பிட்டிருக்கும். எழுந்து பீரோவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்துகொள்வாள், இரும்பு சில்லென்றிருக்கும், அந்தச் சில்லிப்பு தீர்ந்து முதுகின் சூடு ஏறும்போது மறுபடி கண் மூடும், கழுத்து தொங்கும், மறுபடி கூப்பிடும். தூக்கம் அவளுடைய வீட்டுக்கு வராமலில்லை. வாசலில் செருப்பைக் கழற்றாமல் நின்று பேசிவிட்டுப் போகிற சொந்தக்காரர் மாதிரி வந்து போகிறது. விடிந்ததும் எல்லோரும் போல எழுந்து பல் தேய்த்துப் பவுடர் போட்டுக்கொண்டு கிளம்புகிறாள். தலைக்குள் மட்டும் பஞ்சு அடைத்த மாதிரி இருக்கும். துக்கமாக இருக்கிறதா என்றால் இல்லை. எதுவாகவும் இல்லை. யாராவது அழுதால், அழுகிறார்கள் என்று தெரிகிறது. அவ்வளவுதான்.

பஞ்சு என்று நினைத்ததும் மில் ஞாபகத்துக்கு வந்தது. வரக் கூடாது என்றுதான் நினைக்கிறாள், ஆனால் தலைக்குள் பஞ்சு இருக்கிறவளுக்கு வேறு எது வரும். பிளஸ் டூ முடித்ததும் அப்பா தான் வேலை பார்க்கிற நூல் மில்லிலேயே, நூலைக் கோனில் சுற்றுகிற பிரிவில் சேர்த்துவிட்டார். அங்கே வெளிச்சத்தில் எப்போதும் பஞ்சுத் தூசி மிதந்துகொண்டிருக்கும், கண் இமையில் உட்காரும், சாப்பாட்டில் உட்காரும். மற்றவர்கள் தட்டிவிட்டு வேலை பார்த்தார்கள். அவளுக்கு மழைக்காலத்துக்குள் மூச்சு இரைத்து, நெஞ்சில் பூனை குடியேறிவிட்டது. சின்ன வயதில் வந்து, பெரியவளானதும் போய்விட்டது என்று அம்மா எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்த பூனை. ஒரு நாள் மெஷினுக்கும் மெஷினுக்கும் நடுவில் உட்கார்ந்துவிட்டாள், அப்பாதான் வந்து தூக்கினார். அவர் திட்டவில்லை. வேலையை விடச் சொன்னார். அப்புறம் சாயங்கால வகுப்பில் மாண்டிசோரி படித்தாள். இங்கே சேர்ந்த பிறகு அப்பா ஒரே ஒரு தடவை, கேலியாகக்கூட இல்லை, ஆறுதலாகத்தான் சொன்னார்: “இது சரிப்படலைன்னாலும் கவலைப்படாத, மில்லு இருக்கவே இருக்கு.” அந்த வாக்கியம் அவள் படுக்கிற இடத்துக்குப் பக்கத்தில் ஒரு மூட்டை மாதிரி இருக்கிறது. மில்லு இருக்கவே இருக்கு. வேலை கேட்டு வந்த அன்று மேடம் கேட்ட கேள்விகளில் ஒன்றுக்குத்தான் அவள் பொய் சொன்னாள். “உடம்புக்கு ஒண்ணும் இல்லையே? சளி, இருமல், வீசிங், அந்த மாதிரி? முன்ன ஒரு மிஸ் இருந்தா. பேரண்ட்ஸ் முன்னாடியே லொக்கு லொக்குன்னு இருமுவா. பிள்ளைக்கு ஒட்டிக்கும்னு ரெண்டு பேரு டி.சி. கேக்காத குறை. நான் என்ன பண்ணட்டும், அனுப்பிட்டேன்.” இல்லீங்க மேடம் என்றாள் மோகனா. அந்தப் பொய்யைச் சொல்ல மூச்சு நன்றாகவே இருந்தது.

“மிஸ், கண்ணை மட்டும் மூடிக்கட்டுமா? தூங்க மாட்டேன்.” தன்விகா நிமிர்ந்து பார்த்தாள். கண்ணுக்குக் கீழே இரண்டு நிழல், மையை அழிய அழியத் துடைத்த மாதிரி. மோகனா ஈரத் துணியை எடுத்து அவள் முகத்தைத் துடைத்தாள். பிள்ளை அழவில்லை, தண்ணீர் பட்ட இடத்தைக் கையால் தொட்டுப் பார்த்தது. இதே மாதிரி ஈரத் துண்டு. சின்ன வயதில், மில் குவார்ட்டர்ஸ் வீட்டுச் சமையல்கட்டில் அம்மா அவரைக்காயைக் கொட்டி நார் உரிக்கச் சொல்லி உட்கார வைத்திருப்பாள், மோகனாவின் தலை காயின் மேல் கவிழும்போதெல்லாம் ஈரத் துண்டால் கண்ணைத் துடைப்பாள். பகலில் தூங்கினால் ராத்திரி தூங்க மாட்டாய், பகலில் தூங்காதே, தூங்காதே. அம்மா கெட்டவளில்லை. பிள்ளை ராத்திரி தூங்க வேண்டும் என்று தன்னுடைய மத்தியானத் தூக்கத்தையும் விட்டுவிட்டுக் காவல் உட்கார்ந்திருந்தாள். ராத்திரி ஆனதும் பிள்ளை முழித்துக்கொண்டது. அம்மா இன்னும் கவனமாகப் பகலைக் காத்தாள். ஐந்தாம் வகுப்பில் பெஞ்சு மேல் ஏற்றி நிறுத்தினார்கள், நின்றபடி தூங்கினாள். “குதிரை நின்னுட்டே தூங்கும்னு கேள்விப்பட்டிருக்கேன், இப்பத்தான் பாக்கறேன்” என்றார் கணக்கு சார். வகுப்பே சிரித்தது. பத்தாவது வரைக்கும் குதிரை என்றுதான் கூப்பிட்டார்கள். கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பாள். அதில் வருத்தம் ஒன்றும் இருந்ததாக ஞாபகமில்லை. குதிரை என்றால் குதிரை.

அந்தச் சத்தம் மறுபடி கேட்டது. தன்விகா கட்டையை உருட்டிக்கொண்டிருந்தாள், வாய் லேசாகத் திறந்திருந்தது, மூச்சு உள்ளே போனது, வெளியே வந்தது, வந்து முடிகிற இடத்தில் ஒரு சின்ன வால். நூல் அளவு. தண்ணீர்க் குழாயைப் பாதி மூடினால் வருமே, அதிலும் பாதி. முதல் தடவை அதைக் கேட்டது எப்போது? ஆடி மாசக் காற்று ஆரம்பித்த சமயம். அப்போது தன்னுடையது என்றுதான் நினைத்தாள். இந்த அறையில் அந்தச் சத்தம் அவளுக்கு மட்டும்தான் சொந்தம். யாருக்காவது கேட்டிருக்குமோ என்று சுற்றிப் பார்த்துவிட்டு மூச்சை அப்படியே நிறுத்தினாள். சத்தம் நிற்கவில்லை. தான் மூச்சே விடவில்லை, சத்தம் மட்டும் வந்துகொண்டிருக்கிறது. அந்த நொடியில் தான் செத்துப்போய், சத்தம் மட்டும் மிச்சமிருக்கிறது என்று ஒரு எண்ணம் வந்தது. அதற்கும் பயம் வரவில்லை. ஓ என்று மட்டும் தோன்றியது. பிறகுதான் மடியைப் பார்த்தாள். அதன் பின் அவள் பல தடவை தன் மூச்சை நிறுத்திப் பார்த்துவிட்டாள். ஒவ்வொரு தடவையும் பிள்ளை அந்தச் சத்தத்தைத் தனியாகவே வாசித்துக்கொண்டிருந்தது. சளியாக இருக்கலாம். மூக்கடைப்பாக இருக்கலாம். இருக்கலாம் என்கிற சொல்லைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச தூரம் போவாள், அந்தச் சொல் அறுந்துவிடும். மூக்கில் வருகிற சத்தம் வேறு. இது நெஞ்சின் அடியிலிருந்து வருவது. ஒரு தடவை பிள்ளையிடமே கேட்டாள், ராத்திரி ஏன் தங்கம் தூங்க மாட்டேங்கற. “படுத்தா யாரோ நெஞ்சு மேல உக்காந்துக்கறாங்க மிஸ்.” “யாரு?” “தெரியல. குண்டா இருக்காங்க.” அம்மாவிடம் சொன்னாயா என்றதற்கு, சொன்னதாகவும் அம்மா விபூதி வைத்துவிட்டதாகவும் சொன்னது. விபூதி வைத்ததும் அந்த ஆள் கொஞ்சம் மெலிந்தாராம்.

சொல்லிவிடலாம். சொல்வதற்கு என்ன. மேடத்திடம் போய், மேடம், தன்விகாவுக்கு வீசிங் இருக்கு. உனக்கெப்படித் தெரியும்? சத்தம் கேட்டேன். நீ டாக்டரா? எங்களுக்கெல்லாம் கேக்கலையே. அது கேக்கப் பழகணும் மேடம். நீ எங்க பழகினே? இந்த இடத்தில் வந்து நின்றுவிடும். வேறு பக்கமாகப் போய்ப் பார்த்தாள். பிருந்தாவிடமே நேராகச் சொன்னால்? பிள்ளையை ஒரு டாக்டர்கிட்டக் காட்டுங்களேன். ஏனுங் மிஸ்? ராத்திரி மூச்சு திணறுது போல. நீங்க எங்க ராத்திரி பாத்தீங்க? மறுபடி அதே இடம். சித்தி மகளுக்கு இருக்கு என்று சொல்லலாம். சித்தி மகளைச் சொன்னால் அடுத்த கேள்வி, அப்ப உங்க குடும்பத்துல இருக்குதா. எந்தச் சந்தில் நுழைந்தாலும் அந்தக் கேள்வியின் வாசலில்தான் கொண்டுபோய் விடுகிறது. அந்த வாசலுக்குப் பின்னால் மில்லு இருக்கவே இருக்கிறது. தவிர, வேலையே சத்தம் போடாமல் இருப்பதுதான். நீல நிற இன்ஹேலரை அவள் பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டுத்தான் அடித்துக்கொள்வாள். வெளியில் ஆயா மயிலாத்தாக்கா பாத்திரம் தேய்த்துக்கொண்டே கத்துவாள்: “ஏனம்மிணி, மேல் டேங்கு பூராத்தையும் நீயே தீத்துப்போடுவ போல!” தினமும் காலையும் ராத்திரியும் எடுக்கச் சொல்லி டாக்டர் கொடுத்த இன்னொன்று வீட்டு அலமாரியில் பிரிக்காமல் இருக்கிறது. அம்மாதான் வேண்டாம் என்றாள். எப்பவாவது எடுத்தால் அது மருந்து, தினமும் எடுத்தால் நோயாளி என்று ஆகிவிடும், அப்புறம் உன்னை யார் பெண் கேட்பார்கள் என்றாள். அதுவும் சரிதான் என்று பட்டது. தூக்கமில்லாத ராத்திரியில் எது சொன்னாலும் சரிதான் என்று படும்.

கதவிடுக்கில் மயிலாத்தாக்காவின் முகம் தெரிந்தது. “அம்மிணி, முழிச்சுட்டுத்தான் இருக்கியா? இல்ல சதாசிவம் வந்துட்டாரா கனவுல?” மோகனா இருக்கேன்க்கா என்றாள். சதாசிவம் என்று ஒருவன் கிடையாது. போன வாரம் இதே நேரம் அவள் சுவரில் சாய்ந்தபடி தூங்கிப்போனாள். கண் திறந்தபோது மேடம் எதிரே நின்றிருந்தார். ஒரு பிள்ளை வெளியே போய் எல்லோருடைய செருப்பையும் எடுத்துத் தண்ணீர்த் தொட்டியில் போட்டிருந்தது. “ராத்திரி என்னதான் பண்றே? போன் பேசறியா?” என்றார் மேடம். ஆமாங்க மேடம் என்றாள். வாயில் அதுதான் வந்தது. மூச்சு விட முடியாமல் உட்கார்ந்திருக்கிற பெண்ணைவிட, போனில் பேசிக்கொண்டிருக்கிற பெண்ணை வேலைக்கு வைத்துக்கொள்வார்கள். இன்னொரு தடவை பார்த்தேன் என்றால் நடக்கிறது வேறு என்று சொல்லிவிட்டு மேடம் போனார். மயிலாத்தாக்காவுக்கு அன்றிலிருந்து கொண்டாட்டம். போனில் பேசுகிற பையன் பேரு என்ன என்று நச்சரித்தாள், தெருமுனை மெடிக்கல் ஷாப்பின் போர்டில் இருந்த பெயர் வாயில் வந்தது. “இந்தக் காலத்துல சதாசிவம்னு ஒரு பையனா? அறுபது வயசுக்காரனைப் புடிச்சிருக்கியா?” லேத்துப் பட்டறையில் வேலை என்று மோகனா சொன்னாள். அவனுக்கு மீசை மயிலாத்தாக்காவே வைத்தது. இப்போதெல்லாம் பீரோவில் சாய்ந்து உட்கார்ந்திருக்கும்போது அந்த ஆளை நினைத்துக்கொள்கிறாள். எதிரில் அவனும் சாய்ந்து உட்கார்ந்திருப்பான். ஒன்றும் பேச மாட்டான். அவனுக்கும் அங்கே இருப்பதில் பெரிய விருப்பம் இல்லாதது போலத்தான் இருக்கும்.

தன்விகாவின் கையிலிருந்து கட்டை விழுந்தது. தலை முன்னால் கவிழ்ந்து, மோகனாவின் முழங்காலில் நெற்றி முட்டி, திடுக்கிட்டு எழுந்து, “தூங்கல மிஸ்” என்றது. சொல்லி முடிப்பதற்குள் மறுபடி கவிழ்ந்தது. மோகனா ஈரத் துணியை எடுத்தாள். கையில் வைத்திருந்தாள். வைத்துவிட்டாள். இதை அவள் முடிவு என்று நினைக்கவில்லை, கை செய்தது. பிள்ளையை நிமிர்த்தித் தன் நெஞ்சோடு சாய்த்து, தலையைத் தோளில் வைத்து, தான் சுவரோடு நிமிர்ந்து உட்கார்ந்தாள். படுக்க வைத்தால் அந்தக் குண்டு ஆள் வந்துவிடுவார். உட்கார்ந்தபடி இருந்தால் கொஞ்ச நேரம் ஏமாற்றலாம். பிள்ளை உடனே, கல் கிணற்றில் விழுகிற மாதிரி, தூங்கிப்போனது. கழுத்தில் சூடான மூச்சு பட்டது. மூச்சின் கடைசியில் அந்த வால் இருந்தது, ஆனால் குட்டையாகிவிட்டது. கதவின் கண்ணாடிக்கு வெளியே மேடத்தின் புடவை நிறம் வந்து நின்றது. மோகனா பிள்ளையின் மணிக்கட்டைப் பின்னாலிருந்து பிடித்து ஆட்டினாள், டாட்டா காட்டுவது போல, பிறகு அந்தக் கையாலேயே தன் கன்னத்தைத் தட்டிக்கொண்டாள், விளையாடுவது போல. தலையை ஆட்டிச் சிரித்தாள். கண்ணாடிக்கு வெளியே மேடமும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டு நகர்ந்தார். பிள்ளையின் கை அவள் கையில் தொங்கியது. தூங்குகிற பிள்ளையை வைத்துப் பொம்மலாட்டம் ஆடியதற்கு வெட்கப்பட வேண்டும். வெட்கம் வருவதற்காகச் சற்று நேரம் காத்திருந்தாள். வரவில்லை.

பவுடர் வாசனை. சாப்பாட்டுக்குப் பிறகு பிள்ளைகளுக்குக் கழுத்தில் பவுடர் போட வேண்டும் என்பது இங்கே வழக்கம், அம்மாக்கள் வந்து தூக்கும்போது வாசனையாக இருக்க வேண்டும். அது மின்விசிறியில் சுற்றிச் சுற்றி வந்து நெஞ்சுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. கதவைத் தாழ்ப்பாள் போடுகிற மாதிரி உள்ளே ஒவ்வொன்றாக மூடிக்கொள்வது தெரிந்தது. உதட்டைக் குவித்து மெதுவாக ஊதினாள். வேகமாக இழுத்தால் அது இன்னும் இறுகும். பாத்ரூம் போக வேண்டும். பிள்ளை மேலே கிடக்கிறது. இறக்கினால் விழித்துவிடும், விழித்தால் அழும், அழுதால் மேடம் வருவார். ஊதினாள். இரண்டு சத்தமும் இப்போது அறையில் இருந்தன, ஒன்று மெல்லியது, ஒன்று தடித்தது, கொஞ்ச நேரம் சேர்ந்து போயின, பிறகு ஒன்று முந்தியது. மில்லில் இரண்டு மெஷின் இப்படித்தான், சேர்ந்து ஓடுவது போலிருக்கும், விலகும், மறுபடி சேரும், அதைக் கேட்டுக்கொண்டே நின்றால் கால் மறந்துபோகும். பஞ்சு மிதந்தது. கத்தரிப்பூ நிறப் பஞ்சு. அப்பா தூரத்தில் நின்று வாயசைத்தார், மெஷின் சத்தத்தில் கேட்கவில்லை, ஆனால் என்ன சொல்கிறார் என்று தெரியும். தூங்கிவிட்டேனா? இல்லை. தலை சுவரில் இடித்தது. பயம் வந்தது. அதுவும் பக்கத்து வீட்டுக் கதவை யாரோ தட்டுகிற மாதிரி வந்தது, நம் வீட்டைத் தட்டவில்லை, அவர்கள் வீட்டில் ஆள் இல்லை போலிருக்கிறது, தட்டிக்கொண்டே இருக்கிறார்கள். இடுப்புப் பையில் கை போனது. இந்த அறைக்குள் அவள் இன்ஹேலரை வெளியே எடுத்ததே இல்லை. வாயில் வைத்து அழுத்தினாள், குழாய்ச் சத்தம் இல்லாமல் அது இவ்வளவு சத்தம் போடும் என்று தெரியாது. பிடித்துவைத்திருந்த மூச்சை விட்டாள். தோளில் தலை நிமிர்ந்திருந்தது. தன்விகா பார்த்துக்கொண்டிருந்தாள்.

“மிஸ், என்னது?” “மருந்து.” “எதுக்கு?” என்ன சொல்வது என்று தேடினாள், தேடுவதற்குக் குனிய வேண்டியிருந்தது. “நெஞ்சு மேல உக்காந்திருக்கறவங்களை இறக்கி விடறதுக்கு.” பிள்ளை அந்த நீலத்தை உற்றுப் பார்த்தது. ஆச்சரியம் ஒன்றும் படவில்லை. மிஸ்ஸின் நெஞ்சைத் தொட்டுப் பார்த்தது, யாராவது இன்னும் மிச்சமிருக்கிறார்களா என்பது போல. “எனக்கும் குடுங்க.” “உனக்கு இது இல்ல சாமி. உனக்கு டாக்டர் வேற தருவாங்க.” “எப்ப?” மோகனா இன்ஹேலரைப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தாள். எப்ப என்ற சொல் அறைக்குள்ளேயே இருந்தது. இப்போது பிள்ளைக்குத் தெரியும். பிள்ளைக்குத் தெரிந்தது ஊருக்குத் தெரிந்த மாதிரிதான். சாயங்காலம் கேட்டில் அம்மாவைப் பார்த்ததும் முதல் சொல்லாக வரும், அம்மா, மிஸ் வாயில நீலமா ஒண்ணு வெச்சு. யார்கிட்டயும் சொல்லாத என்று சொல்லலாமா? சொல்லலாம். ரகசியம் என்று சொன்னால் பிள்ளைகள் காப்பாற்றும், ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம். ஆனால் நெஞ்சு மேல் உட்காருகிற ஆளைப் பற்றிச் சொல்லாதே என்று இந்தப் பிள்ளைக்கு ஒருத்தி சொல்லிக்கொடுக்க வேண்டுமா? அந்த எண்ணத்தின் நுனியைப் பிடித்து இழுத்தால் பின்னாலேயே நிறைய வரும் போலிருந்தது. அவள் இழுக்கவில்லை. பிள்ளை மறுபடி தோளில் சாய்ந்து தூங்கியது. அவள் தூங்காமல் இருந்தாள். தூங்காமல் இருப்பது ஒன்றுதான் அவளுக்கு இப்போது வேலை, அதை மட்டும் செய்தாள், ஜன்னல் திரையின் மடிப்புகளை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்தாள், அந்தக் கோடியிலிருந்து திரும்பி வந்தாள், வந்தபோது மயிலாத்தாக்கா உள்ளே நுழைந்து திரையைச் சர்ரென்று இழுத்து, “எந்திரிங்கடா என்ர ராசாக்களா, பாலு ஆறுது!” என்றாள்.

கேட்டில் பிருந்தா ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. பாதி முகம்தான் தெரிந்தது. மேடம் வழக்கம்போல ஒவ்வொரு பேரண்டிடமும் ஒரு வார்த்தை பேசிக்கொண்டு பக்கத்தில் நின்றார். தன்விகாவைத் தூக்கி ஸ்கூட்டரின் முன்னால் நிறுத்தும்போது மோகனா காத்திருந்தாள். இப்போது சொல்லும். பிள்ளை வாயைத் திறந்தது. “அம்மா, பாலு” என்றது, “பாலுல ஆடை இருந்துச்சு.” அவ்வளவுதான். பிறகு கொட்டாவி விட்டது. மறந்துவிட்டது, அல்லது சொல்கிற அளவுக்கு அது ஒரு பெரிய விஷயமில்லை. மோகனாவின் உடம்பில் மத்தியானத்திலிருந்து இறுகியிருந்த ஏதோ ஒன்று அவிழ்ந்தது. இனி ஒன்றுமில்லை. இன்றைக்கு முடிந்தது. “தூங்கலையே மிஸ்?” என்று கேட்டாள் பிருந்தா. தினமும் கேட்கிற கேள்வி, தினமும் சொல்கிற பதில், இல்லீங்க. அந்த இல்லீங்கவுக்கும் ஒரு விழிப்பு தேவைப்படுகிறது, ஒரு கை அதைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். அந்தக் கைதான் இப்போது அவிழ்ந்திருந்தது. “தூங்கினா” என்றாள் மோகனா. “என்ன மிஸ், காலைல அவ்வளவு படிச்சுப் படிச்சுச் சொன்னேன்.” மேடம் திரும்பினார். “நானே பார்த்தேனே, முழிச்சு வெளையாடிட்டு இருந்தாளே?” “இல்லீங்க மேடம். நான்தான் கையைப் புடிச்சு ஆட்டினேன்.” தன் குரல் வருகைப்பதிவு வாசிக்கிற மாதிரி வருவது அவளுக்கே கேட்டது. “மத்தியானம் தூங்கறதால ராத்திரி முழிக்கறதில்லீங்க. ராத்திரி மூச்சு விட முடியாம முழிச்சுக்கறா. அதனாலதான் மத்தியானம் தூக்கம் வருது. அவளுக்கு வீசிங் இருக்குங்க.” பிருந்தா ஹெல்மெட்டைக் கழற்றினாள். “உங்களுக்கெப்படித் தெரியும்?” அந்த வாசல். எவ்வளவோ சந்து சுற்றிக் கடைசியில் அதுவேதான், வெயிலில், சாதாரணமாக நின்றிருந்தது. “எனக்கும் இருக்குங்க” என்றாள்.

பின்னால் நின்ற இன்னொரு அம்மா தன் பிள்ளையைக் கொஞ்சம் தன் பக்கமாக இழுத்துக்கொண்டாள். “ஒட்டிக்குமா?” என்று கேட்டாள் பிருந்தா, குரல் இறங்கியிருந்தது. “ஒட்டாதுங்க.” “எங்க ரெண்டு பேரு வீட்லயும் அப்படி யாருக்கும் கெடையாது மிஸ். பொட்டப்புள்ள மேல இப்படியெல்லாம் ரோட்டுல வெச்சுச் சொல்லாதீங்க.” “ராத்திரி முதுகுல காதை வெச்சுக் கேளுங்க” என்றாள் மோகனா. “மூச்சு விட்டு முடியற எடத்துல இருக்கும்.” “மோகனா” என்றார் மேடம், “உள்ள போய் ரூம்ல உக்காரு. பேசணும்.” பிருந்தா ஹெல்மெட்டை மாட்டினாள், வார் சரியாக மாட்டவில்லை, விட்டுவிட்டாள். ஸ்கூட்டர் கிளம்பியது. முன்னால் நின்ற தன்விகாவின் தலை ஸ்பீடோமீட்டர் மேல் கவிழ்ந்தது, பிருந்தா ஒரு கையால் அதைத் தூக்கிப் பிடித்தபடி ஓட்டினாள். உள்ளே போக வேண்டும் என்று மோகனாவுக்குத் தெரிந்தது. கால் அங்கேயே நின்றது. மில்லு என்று ஒரு சொல் வந்தது, அதன் மேல் எதுவும் தோன்றவில்லை, தோன்றுவது நாளைக்கோ நாளன்னைக்கோ வரும் போலிருந்தது. தெருமுனையில், மெயின் ரோடு தொடங்குகிற இடத்தில், ஸ்கூட்டர் நின்றது. சிக்னல் இல்லை, குறுக்கே யாரும் வரவில்லை. பிருந்தா ஹெல்மெட்டைக் கழற்றி முழங்கையில் மாட்டிக்கொண்டாள். டவுன் பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு உரசிப் போனது, பின்னால் கம்பி ஏற்றிய வண்டி சடசடத்துக்கொண்டு வந்தது. அந்த இரைச்சலில் ஒன்றும் கேட்காது. பிருந்தா குனிந்து பிள்ளையின் முதுகில் காதை வைத்தாள். “மோகனா, உன்னத்தான்” என்றார் மேடம். பஸ் போய், கம்பி வண்டியும் போனது. பிருந்தா இன்னும் தலையை எடுக்கவில்லை.